பூமணியின் பெயரில் போட்ட கோடு

1

சென்ற மாதம் எங்கள் நகரசபைத் தேர்தலில் நான் வாக்களித்துவிட்டேன். அது எனக்குத் தெரியவந்தது வாக்களிக்கப் போன இடத்தில்தான்.

நான் இருப்பது ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு நகரம். ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அதன் பெயரால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே இந்தமுறை கடைசி நாளுக்கு முன் வீட்டில் இருந்தபடியே கணினியில் வாக்களிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆளுக்கொரு கடிதம் வந்தது. அதில் ஓர் இரகசிய இலக்கம். அதையும் பிறந்த திகதியையும் அடித்தால் வேட்பாளர்களின் பெயர்கள் வரும். ஒன்றை அழுத்தினால் வேலை முடிந்தது. கையொப்பம் இல்லை, விரலில் மை இல்லை, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற ஒரு மனிதரும் இல்லை.

நான் அதை நம்பவில்லை. வைத்தியரிடம் நேரம் எடுப்பதைக்கூடக் கணினியில் செய்பவன்தான். ஆனால் ஒரு சீட்டைப் பெட்டிக்குள் போட்டால் அங்கே ஒரு பொருள் கிடக்கும். இதில் என்ன கிடக்கும்? கடிதத்தை அலுமாரிக்குள், கடவுச்சீட்டுகளோடு வைத்தேன். கடைசி நாள் வேலை முடிந்ததும் நூலகத்துக்கு நேரிலே போனேன். இந்த நாட்டுக்கு வந்த பதினொரு வருடத்தில் நான் வாக்களிக்கப் போனது அதுவே முதல் தடவை.

மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இருந்தார். என் அட்டையை வாங்கினார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கள் ஏற்கெனவே வாக்களித்திருக்கிறீர்களே. சனிக்கிழமை மாலை, ஐந்து பத்துக்கு.”

சனிக்கிழமை ஐந்து பத்துக்கு நான் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல வாய் திறந்தபோது, பதற்றத்தில் ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. ‘என் பெயரை யாரோ வெட்டிவிட்டார்கள்’ என்று எங்களுடைய வசனத்தை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அந்தப் பெண்மணி பயந்துபோய் என் கைகளைப் பார்த்தார், எங்கே காயம் என்று.

விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் பிடித்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். நான் வாக்களிக்கவில்லை என்று சத்தியம் செய்து கையொப்பமிட்டால் விசாரிப்பார்களாம். தரும்போது குரலைத் தாழ்த்தி, “வீட்டில் யாராவது உங்களுக்கு உதவி செய்திருக்கலாம், யோசித்துப் பாருங்கள்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆளைப் பிழையாக்கி அனுப்புகிற சிரிப்பு அது. எனக்கு அது தெரியும். நானும் ஒருகாலம் அந்த மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்தவன். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

2

வீட்டில் சாந்தி குசினியில் நின்றாள்.

“என்ர வோட்டுக் கடிதம் எங்க?”

“அலுமாரிக்குள்ள நீங்கள்தானே வைச்சனீங்கள்.”

கடிதம் அங்கேதான் இருந்தது. ஆனால் நான் எந்தக் கடிதத்தையும் மூன்றாக மடிக்கிறவன். இது இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது.

முதலில் நினைவுக்கு வந்தது சிவலிங்கம். எங்கள் ஆள்தான். ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு திரிந்தவர். இரண்டு கிழமைக்கு முன் வந்து, மடிக்கணினியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “அண்ணை, நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். நம்பரைத் தாங்கோ, இப்பவே போட்டு விடுறன்” என்றார். பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிக் கேட்டதால்தான் நான் வாக்களிக்கப் போக முடிவெடுத்தேன். ஒருவருக்கு இவ்வளவு தேவைப்படுகிற பொருளை நானே போட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

“சிவலிங்கம் திரும்ப வந்தவரோ?”

“ஓம், வியாழக்கிழமை வந்தவர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்.”

“கடிதத்தைக் காட்டினனியோ?”

“எனக்கென்ன விசரே?” என்றாள் சாந்தி. பிறகு அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “இப்ப என்னையும் சந்தேகப்படுறீங்கள், என்ன?”

ஓம், சந்தேகப்பட்டேன். அவளை, சிவலிங்கத்தை, நூலகத்துப் பெண்மணியை, எங்கோ இருந்து அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவர்களை. இரண்டு நாள் இப்படியே போனது. எல்லாவற்றிலும் குறை தேடுகிறவன் என்று சாந்தி சொல்லுவாள். தேடவில்லை. ஒருவருடைய வாக்கை அவர் இல்லாமலே எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். நான் போட்டிருக்கிறேன்.

இதை இதுவரை எழுதியதில்லை. கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

3

தொண்ணூறுகளின் நடுவில் திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில் பக்கத்தில் ஒரு கந்தோரில் நான் எழுதுவினைஞன். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பதிவு என் கையில் இருந்தது. யார் முகாமில், யார் கடல் தாண்டி இந்தியாவில், யார் காணாமற் போனோர் என்று மூதூர்ப் பக்கத்து ஊர்கள் பலவற்றின் விபரம் மனப்பாடமாகவே தெரியும்.

தேர்தல் வந்தால் அரச ஊழியர்களைத்தான் வாக்குச்சாவடிக்குப் போடுவார்கள். எனக்குக் கிடைத்தது கிளிவெட்டிக்கு அங்கால் ஒரு சிறிய பள்ளிக்கூடம். முதல் நாள் பெட்டிகளோடு லோஞ்சில் ஏறி, கடல் வழியாக மூதூரில் இறங்கி, லொறியில் போனோம். சாவடிக்குப் பொறுப்பானவர் ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த ஒரு பாடசாலை அதிபர். விரலுக்கு மை பூசுகிறவன் றபீக். கிண்ணியாக்காரன், என் கந்தோரில் எனக்கு அடுத்த கதிரை. நான் வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு பெயரைக் கூப்பிட்டுக் கோடு போடுகிறவன்.

காலையில் ஒழுங்காகத்தான் நடந்தது. சனம் குறைவு. ஆமியின் காவலரண்களைத் தாண்டி வரவேண்டிய ஊர்க்காரர் பலர் வரவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்த நேரம் மூன்று பேர் வந்தார்கள். எந்தப் பக்கத்தவர் என்று எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் எல்லாப் பக்கத்து ஆட்களும் சேட்டை ஒரே மாதிரித்தான் காற்சட்டைக்கு வெளியே விட்டிருந்தார்கள், இடுப்பில் இருப்பது தெரியாமல் இருக்க. வாசலில் நின்ற பொலிஸ்காரர் கிணற்றடிப் பக்கம் போனார். வாங்கில் இருந்த இரண்டு கட்சி முகவர்களுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடாய்த்தது.

மூவரில் மூத்தவன் நேரே என்னிடம் வந்தான்.

“கந்தோரில அகதிப் பதிவு பாக்கிறவன் நீதானே? வராத ஆக்களை உனக்குத் தெரியும். வாசி.”

அவனுக்கு அதை யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அறைக்குள் இருந்த ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அதிபரை நினைத்திருக்கிறேன், முகவர்களை நினைத்திருக்கிறேன், சில நாள் றபீக்கைக்கூட நினைத்திருக்கிறேன்.

நான் அதிபரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மெல்லிய குரலில் சொன்னார்:

“தம்பி, நாங்களும் பெட்டியளும் பின்னேரம் லோஞ்சுக்குப் போய்ச் சேர வேணும்.”

அது வேண்டுகோளா, கட்டளையா என்று நான் கேட்கவில்லை. வாசித்தேன். அடிமட்டத்தை வைத்துப் பெயருக்கு மேல் கோடு போட்டேன். அவர்கள் சீட்டுகளைக் கிழித்துப் புள்ளடி போட்டு, மடித்து, பெட்டிக்குள் தள்ளினார்கள். ஆளில்லாத வாக்குகளுக்கு விரல் கிடையாது. றபீக் மைப்போத்தலை இறுக்கி மூடிவிட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான்.

இந்தியாவுக்குப் போனவர்கள், செத்தவர்கள், காணாமற் போனவர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தேன். உயிரோடு ஊரில் இருக்கிற ஒருவரின் வாக்கையும் தொடவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வரிசையில்தான் பூமணியின் பெயர் வந்தது. என் பதிவின்படி அவர் இந்தியாவில் இருந்தார்.

4

வாக்கெடுப்பு முடிய கால் மணித்தியாலம் இருந்தது. மூவரும் போய்விட்டார்கள். ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கால் முழங்கால் வரை புழுதி. காவலரணில் காலையிலிருந்து மறித்து வைத்துவிட்டு இப்போதுதான் விட்டார்களாம். மடியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

பெயரைப் படித்தேன், பூமணி. என் பதிவில் இந்தியாவில் இருந்தவர். தெரியாதவன் போல இடாப்பில் அடிமட்டத்தை மேலிருந்து கீழே கொண்டுவந்தேன்.

“அக்கா, உங்கட பேரில வோட்டுப் போட்டாச்சு.”

“நான் இப்பதானே ஐயா வாறன்.” இடது கைச் சின்ன விரலை மேசையில் வைத்தார். “மை கிடக்கோ பாருங்கோ.”

மை இல்லை. இப்படி நடந்தால் செய்யவேண்டியதற்கு ஒரு விதி இருந்தது. வேறொரு சீட்டைக் கொடுத்து, வாக்களிக்க வைத்து, தனி உறையில் இட்டு, நடந்ததை எழுதி வைக்க வேண்டும். எழுதினால் கேள்வி வரும். அதிபர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“அப்ப நான் வந்து போட்டிட்டுப் போயிட்டனோ?” அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே கேட்டார். “புத்தகத்தோட இருந்தது நீங்கள்தானே. ஆரைக் கண்டனீங்கள்?”

எனக்கு அவர் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

“உங்களை மாதிரித்தான் ஒருத்தர் வந்தவ. நீங்கள் எண்டு நினைச்சுத்தான் விட்டனான்.”

“என்னை மாதிரியோ?”

“ஓம்.”

“என்னிலயும் பாக்கக் கொஞ்சம் உயரமோ?”

நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இடாப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“ஓம், கொஞ்சம் உயரம்தான்.”

அவர் பிள்ளைகள் இருக்கும் குட்டி வாங்கில் அப்படியே இருந்துவிட்டார். “வசந்தி” என்றார். அது அவருடைய தங்கை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் அவளை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன்பிறகு எந்த முகாமிலும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

“அவ தன்ர பேரைச் சொல்லப் பயந்திருப்பா. அவவின்ர பேரைத்தானே தேடித் திரிஞ்சவங்கள். அதுதான் என்ர பேரைச் சொல்லியிருக்கிறா.” எல்லாவற்றையும் தானே பொருத்திக்கொண்டார். ஓர் இடைவெளிகூட மிச்சமில்லை. “தான் உயிரோட இருக்கிறன் எண்டு எனக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறா.”

“அக்கா, எனக்கு வடிவாத் தெரியாது...”

“வோட்டுக் கிடக்கட்டும் ஐயா. எந்தப் பக்கம் போனவ?”

நான் யன்னல் பக்கம் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியாது. அந்தப் பக்கம் வீதி இருந்தது. அவர் ஓடினார். செருப்பில்லாமல் தார் வீதியில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சத்தம் இருக்கிறது. அது கொஞ்ச நேரம் கேட்டது.

திரும்பி லோஞ்சில் வரும்போது றபீக் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தான். துறைமுக வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியபிறகுதான் வாய் திறந்தான்.

“பேரை வெட்டினத விடு மச்சான். எல்லாருக்கும் உயிர் வேணும். அந்தப் பொம்புளைக்கிட்ட ஏன் அப்பிடிச் சொன்ன?”

5

அடுத்த கிழமையே பூமணி கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு படம், பள்ளிக்கூடத்தில் எடுத்தது. வரிசையில் நின்ற ஒரு முகத்தை நகத்தால் காட்டி, “இவதானே?” என்று கேட்டார்.

“சரியா ஞாபகம் இல்லை அக்கா.”

இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர் எத்தனையோ தடவை வந்தார். எனக்குள் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் தயாராக இருந்தது. முதலில் அந்த மூன்று பேருக்குப் பயம். பிறகு வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார் என்ற வெட்கம்.

நான் சொன்ன பொய் தன்பாட்டில் வளர்ந்தது. வசந்தியைப்போல ஒருத்தி உப்புவெளியில் ஒரு விடுதியில் துணி துவைப்பதாக யாரோ சொன்னார்கள் என்று இரண்டு நாள் அங்கே கடற்கரை முழுக்கத் திரிந்தார். இன்னொருமுறை பேருந்தில் பின்பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னாராம். தேடுகிறவர்களுக்குச் சனம் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கும், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல்.

ஒருநாள் எருமைத்தயிர்ச் சட்டி ஒன்றைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். காவலரண்களில் எல்லாம் அவிழ்த்துக் காட்டிக் காட்டிக் கொண்டுவந்தது.

“நீங்கள் கண்டு சொல்லாட்டி நான் அவவைச் செத்தவ எண்டு விட்டிருப்பன். பிள்ளையளுக்குக் குடுங்கோ.”

வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாந்தி எங்கே வாங்கியது என்று கேட்டாள். ஒரு தெரிந்த ஆள் தந்தது என்றேன். மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

அந்த வருட முடிவில் நான் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தேன். சாந்தியும் பிள்ளையும் பிறகு வந்தார்கள். ஏன் வெளிக்கிட்டாய் என்று கேட்பவர்களுக்கு நாட்டு நிலைமை என்று சொல்லியிருக்கிறேன். அகதி விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதினேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

6

மூன்றாம் நாள் பின்னேரம் என் மகள் ஆரணி மேசையில் அந்தப் படிவத்தைக் கண்டாள். எட்டு வயதில் வந்தவள், இப்போது பதினெட்டு. முதல் தடவையாக அவளுக்கும் வாக்கு. அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற தமிழ். படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, உங்கட வோட்டை நான்தான் செய்தனான்.”

“செய்யிறதில்லைப் பிள்ளை, போடுறது” என்று வழக்கம்போலத் திருத்தினேன். அதன்பிறகுதான் அவள் சொன்னது காதுக்குள் போனது.

“நீங்கள் ஒருநாளும் போடமாட்டீங்கள்தானே. எலெக்சன் எண்டால் ஓவர்டைம் எண்டு போயிடுவீங்கள். என்ரையைப் போட்டிட்டு, உங்கட லெட்டரும் அங்க இருந்தது, வேஸ்டாப் போகுது எண்டு... பிறந்த நாள் எனக்குத் தெரியும்தானே.”

எவ்வளவு பூட்டுப் போட்ட ஏற்பாடு. அதன் திறப்பு, அப்பாவின் பிறந்தநாள் தெரிந்த ஒரு மகள்.

நான் சத்தம் போட்டேன். இது குற்றம் தெரியுமா, மறியலில் போடுவார்கள் என்றெல்லாம் கத்தினேன். சாந்தி குசினியில் இருந்து ஓடிவந்தாள். “ஒரு வோட்டு அப்பா, நீங்களே பாவிக்காத வோட்டு” என்று ஆரணி அழத் தொடங்கினாள். அந்தச் சொல் என்னை நிறுத்தியது. பாவிக்காத வோட்டு. இடாப்பில் அடிமட்டத்தை வைத்தபோது நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

அந்த மேசையிலேயே இருந்து இரண்டு பேருக்கும் பூமணியைப் பற்றிச் சொன்னேன். சாந்திக்கும் அது புதிது. அவள் தயிரைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். “அந்தத் தயிரோ?” என்றாள். நான் தலையாட்டினேன். எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

ஆரணி மட்டும் இருந்தாள்.

“அந்த அன்ரிக்குப் பிறகு சொன்னீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“பயம்.”

“இப்பவும் பயமா? இங்க ஆருக்கு?”

நான் மேசையில் கிடந்த படிவத்தை மடித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் நாளைக்கு வந்து, நான்தான் செய்தது எண்டு சொல்லுறன். நீங்களும் அந்த அன்ரிக்குச் சொல்லுங்கோ.”

மறுநாள் நகரசபைக்குப் போனோம். ஆரணி தன் வாயால் சொன்னாள். அலுவலர் இளம் மனிதர், கண்டிப்பாகப் பேசினாலும் மரியாதையாகப் பேசினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும் என்றார். அந்த வாக்கை வெளியே எடுக்கலாமா என்று கேட்டேன். முடியாதாம். வாக்கு உள்ளே போனதும் பெயரை ஒருபக்கமும் தெரிவை இன்னொரு பக்கமும் இயந்திரம் பிரித்துவிடுமாம். இனி யாராலும் சேர்த்துப் பார்க்க ஏலாது.

“பிரிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு நிறுவனம் பரிசோதித்திருக்கிறது.”

“அந்த நிறுவனத்தை யார் பரிசோதித்தது?”

அவர் சிரித்துவிட்டு ஒரு கையேட்டைத் தந்தார். அதில் பூட்டு ஒன்றின் படம் இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கடதாசி. சீட்டின் அடிக்கட்டை இருந்தது, என் கையால் போட்ட கோடு இருந்தது, மை படாத ஒரு விரல் நேரிலேயே வந்து மேசையில் இருந்தது. பார்க்க விரும்பிய ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருப்பார். ஒருவரும் விரும்பவில்லை. இங்கே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது? இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் நான் நம்பவில்லை.

“ஆருக்குப் போட்டனீ?” என்று காரில் ஆரணியைக் கேட்டேன்.

“அது சீக்ரெட் அப்பா” என்றாள்.

7

றபீக் இன்னும் கிண்ணியாவில்தான். பேசி வருடக்கணக்காகிவிட்டது. தொலைபேசியில் என் குரலை அடையாளம் கண்டு சந்தோசப்பட்டான், பிறகு எதற்கு எடுத்தேன் என்று கேட்டான். பூமணியைத் தேடவேண்டும் என்றேன். “தேடிப் பாக்கன்” என்றான்.

சண்டை திரும்பத் தொடங்கி, மூதூர்ப் பக்கம் முழுக்கச் சனம் இடம்மாறிக்கொண்டிருந்த நேரம். மூன்று கிழமை எடுத்தது. பூமணி கிளிவெட்டிப் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்தார். றபீக் மோட்டார்சைக்கிளில் போய், தன் கைத்தொலைபேசியை அவர் கையில் கொடுத்தான். எங்களுக்கு அப்போது விடியற்காலை. ஆரணியும் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, நான் அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில...”

“தெரியும். கந்தோர் ஐயா. குரல் மாறேல்ல.”

சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருந்தேன், ஆனாலும் வாசிக்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். “அக்கா, அண்டைக்கு ஒருத்தரும் வரேல்ல. துவக்குக் கொண்டு வந்தவங்கள் கேட்டு, உங்கட பேரை நான்தான் வெட்டினனான். உங்களை மாதிரி ஒருத்தர் வந்தவ எண்டு சொன்னது பொய். என்னை மன்னிக்க வேணும்.”

அந்தப் பக்கம் தண்ணீர்ப் பவுசர் வண்டி வந்த சத்தம், வாளிகளின் சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“ஆர் உங்களை இப்பிடிச் சொல்லச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை அக்கா.”

“இத்தனை வருசம் கழிச்சுக் கனடாவில இருந்து ஆள் விட்டு, முகாம் முகாமாத் தேடி என்னைப் பிடிச்சு, அவ வரேல்ல எண்டு சொல்லுறீங்கள். ஒண்டும் இல்லாமல் ஆரும் இவ்வளவு பாடுபடுவினமோ?”

“உண்மையைச் சொல்லத்தான் எடுத்தனான்.”

“அப்ப அவ என்னிலயும் உயரம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்கள்தான் கேட்டனீங்கள். நான் ஓம் எண்டு மட்டும்தான் சொன்னனான்.”

“இல்லை ஐயா. நீங்கள்தான் சொன்னது. எனக்கு அந்த நாள் அச்சொட்டா ஞாபகம்.”

ஆரணியைப் பார்த்தேன். அவளுக்குப் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. என்ன சொல்லுறா என்று கண்ணால் கேட்டாள்.

பூமணி குரலைத் தாழ்த்தினார். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது.

“ஐயா, அவ உங்களோட இருக்கிறாவோ? பக்கத்தில ஆக்கள் நிண்டால் ஒண்டும் கதைக்க வேண்டாம். ஓம் எண்டால் ஒருக்கா இருமுங்கோ, எனக்குக் காணும்.”

இருமல் வந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லை அக்கா” என்றேன். “சத்தியமா இல்லை. இங்க இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது.”

அவர் மெல்லச் சிரித்தது கேட்டது.

“சரி ஐயா. விளங்குது” என்றார் பூமணி. “கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.”